குதிரை ஏறி வந்த வார்த்தை

ஒரே ஒரு வார்த்தை. அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு நாள் கேசரி மணத்தது. மறுநாள் கண்ணீர் பெருகியது. அந்த வார்த்தையின் பூர்வோத்திரத்தை விசாரித்துக்கொண்டு போனதில், கடைசியில் கோடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு கிழக் குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நேயர்களுக்கு அந்தக் கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டு உபயோகச் சாமான்களை விற்கிற கம்பெனி. வாங்கினவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் உத்தியோகம். ஒரு நாள் மேலதிகாரியிடமிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் எழுதிய பதில் ஒன்று மிகவும் 'கவலியர்' ஆக இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் ஆசைப்பட்டு மூன்று மாதம் இத்தாலிய மொழி வகுப்புக்குப் போனவள் அவள். இத்தாலிய மொழியில் 'கவலியேரே' என்று ஒரு சொல் உண்டு. குதிரை ஏறிவரும் வீரன், பண்பு மிக்க கனவான் என்று அதற்கு அர்த்தம். இந்த இங்கிலீஷ் வார்த்தையும் அதன் தங்கைதானே? "அம்மா! என்னை வீராங்கனை என்று எழுதியிருக்கிறார்கள்!" என்று அவள் வீட்டுக்கு வந்து குதிக்க, என் தங்கை உடனே வாணலியை அடுப்பில் ஏற்றிக் கேசரி கிளறிவிட்டாள்.

மறுநாள் பக்கத்து மேஜைக்காரி சாவதானமாக விளக்கினாளாம். 'கவலியர்' என்றால் இங்கிலீஷில் அலட்சியம். பிறர் கஷ்டத்தைக் கொஞ்சமும் பொருட்படுத்தாத திமிர்!

"ஒரே வார்த்தைக்கு இப்படி இரண்டு அர்த்தம் இருக்கலாமா பெரியம்மா? இது என்ன நியாயம்?" என்று டெலிபோனில் அழுதாள். "கவலையேறும் வார்த்தைதான்" என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சிலேடை அவளிடம் எடுபடவில்லை. பள்ளிக்கூட விடுமுறை சமயம் ஆனபடியால், அவளையும் அவளுடைய ஆறு வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு கோடைக்கானலுக்குப் புறப்பட்டோம். போகும் வழியெல்லாம் எனக்கு அந்த வார்த்தையைப் பற்றிய யோசனைதான்.

பொதி சுமந்த குதிரை

பழைய ரோமாபுரியில் குதிரைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று 'எக்வுஸ்'. நம்முடைய 'அசுவம்' என்ற வடமொழிச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் அது. பிரபுக்களும் தளபதிகளும் ஏறும் உயர்ந்த குதிரைக்கு அந்தப் பெயர். மற்றது 'கபல்லுஸ்'. மூட்டை சுமக்கிற, செக்கு இழுக்கிற, முதுகு தேய்ந்த மட்டக் குதிரைக்கு அந்தப் பெயர். இந்த மட்டக் குதிரையை ஓட்டுகிறவரும், அதற்குத் தீனி வைத்துப் பராமரிக்கிறவருமே 'கபல்லாரியுஸ்'. நம் வழக்கில் சொன்னால் குதிரைக்காரர்.

காலம் என்ன செய்தது தெரியுமா? சாம்ராஜ்யம் சரிந்தது, அதோடு ராஜாக் குதிரையின் பெயரும் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. மூட்டைக் குதிரையின் பெயர் நிலைத்துவிட்டது. 'கபல்லாரியுஸ்' இத்தாலியில் 'கவலியேரே' ஆயிற்று. பிரான்சில் 'ஷெவாலியே' ஆயிற்று. ஸ்பெயினில் 'கபாயேரோ' ஆயிற்று. (பெண்மணிகளுக்கு ஒரு சந்தோஷச் செய்தி: ஆண் குதிரையின் உயர்ந்த பெயர் மறைந்தாலும் பெண் குதிரையின் உயர்ந்த பெயர் மறையவில்லை. ஸ்பானிஷ் மொழியில் பெண் குதிரையை இன்றும் 'யேகுவா' என்கிறார்கள். அது பழைய 'எக்வா'வின் நேர் வாரிசு!)

இடைக்கால ஐரோப்பாவில் குதிரையும் கவசமும் வைத்துக் காப்பாற்றுவதற்கு ஏராளமான பணம் வேண்டும். ஆகவே குதிரைக்காரன் என்ற சொல் போர்வீரனுக்கும், பிறகு பிரபுவுக்கும் உரியதாயிற்று. ஆயுதமும் குதிரையும் உள்ளவன் கையில், அவை இல்லாதவன் என்ன பாடுபடுவான்? அதனால்தான் அவனுக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தார்கள். எளியவரைக் காக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். பெண்களிடம் மரியாதையாக நடக்க வேண்டும். எல்லாரும் அப்படி நடந்தார்களா என்று கேட்காதீர்கள். நடக்காதவர்கள் அநேகம். ஆனாலும் அந்த வார்த்தைக்கு அதனால் ஒரு மணம் ஏறிவிட்டது. பிற்காலத்தில் இத்தாலியில் குதிரையே இல்லாமலும் 'கவலியேரே' ஆகலாம் என்று வந்தது. ஒரு பெண்மணிக்கு மரியாதையுடன் துணையாக வருபவனுக்கும், நடனத்தில் கைகோத்து ஆடுபவனுக்கும் அதே பெயர். 1951-ல் இத்தாலியக் குடியரசு ஏற்படுத்திய கௌரவ விருதிலும் ஒரு படிக்கு இந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1642-ல் அங்கே ராஜா முதலாம் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் மூண்டது. ராஜா கட்சியின் குதிரை வீரர்களைப் பார்லிமெண்டுக்காரர்கள் 'கவலியர்கள்' என்று ஏளனமாக அழைத்தார்கள். ஆடம்பர உடையும் அகம்பாவமும் பிடித்தவர்கள் என்பது அவர்கள் கருத்து. ராஜா கட்சியினரோ அதையே பட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். வசை ஒரு பக்கம், பட்டம் ஒரு பக்கமாக வார்த்தை இரண்டாகப் பிளந்தது. வசை இங்கிலீஷில் தங்கிவிட்டது. முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் கழித்து அது சென்னைக்கு மின்னஞ்சலில் வந்து எங்கள் பெண்ணை அழவைத்தது!

நம் வீட்டுக் குதிரை வீரர்கள்

வெள்ளைக்காரர் வார்த்தைகளுக்குத்தான் இந்தக் கதி என்று எண்ணிவிடாதீர்கள். நம்முடைய 'சேவகன்' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய இலக்கியங்களில் சேவகன் என்றால் வீரன். சேவகம் என்றால் வீரம். தெய்வத்தையே சேவகன் என்று போற்றினார்கள். இன்றோ சேவகன் என்றால் டவாலி போட்டுக்கொண்டு மணி அடித்ததும் ஓடிவருகிறவர். இங்கிலீஷில் நேர்மாறு. 'நைட்' என்ற சொல்லுக்கு ஆதியில் பையன், ஏவலாள் என்றுதான் பொருள். அது உயர்ந்து உயர்ந்து வீரப் பட்டம் ஆயிற்று. அவர்களுடைய ஏவலாள் படியேறிப் போனான். நம்முடைய வீரன் படியிறங்கி வந்தான். நடுவழியில் சந்தித்திருந்தால் இருவரும் க்ஷேமம் விசாரித்திருப்பார்கள்!

கவலியேரேவுக்குத் தமிழில் நேரான சொல் ஏதாவது உண்டா? உண்டு. அது உங்கள் தெருவிலேயே கூட இருக்கலாம். 'ராவுத்தர்' என்பதுதான் அது. வடமொழியில் 'ராஜபுத்திரன்', பிராகிருதத்தில் 'ராவுத்த' என்று திரிந்து, கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் குதிரை வீரனைக் குறித்தது. மரக்கலத்தோடு மரைக்காயரைச் சேர்த்துச் சொல்வதுபோல், குதிரையோடு ராவுத்தரைச் சேர்த்துச் சொல்வது நம் ஊர் வழக்கம். குதிரைப் படையிலும் குதிரை வாணிபத்திலும் பெயர் எடுத்த முன்னோர்களைப் பற்றி அந்தச் சமூகத்தார் பெருமையுடன் பேசுவார்கள். மதுரை, திண்டுக்கல், பெரியகுளம், பழநி என்று இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

இதைவிட அழகான செய்தி ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், தம்முடைய கந்தரலங்காரத்தில் முருகப் பெருமானையே 'ராவுத்தன்' என்று கூப்பிடுகிறார்! மயிலைக் குதிரையாக்கி ஏறிவரும் வீரனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. பழநி ஆண்டவனைப் பாடிப் பாடி உருகிய அந்தக் கவி, கோடைக்கானலுக்கு மேற்கே மலைக்குள் ஒளிந்திருக்கும் பூம்பாறை முருகனையும் பாடியிருக்கிறார். பிறந்த சாதி, பேசிய பாஷை, கும்பிட்ட தெய்வம் என்றெல்லாம் ஒரு நல்ல வார்த்தை பேதம் பார்ப்பதில்லை என்பதற்கு இது போதாதா?

நம் பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றி ஓர் இத்தாலியரே எழுதிவைத்திருக்கிறார். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோதான் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் நம் கரைக்கு வந்தவர். பாண்டிய மன்னர் வருஷத்துக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை அரபு நாடுகளிலிருந்து பொன்னைக் கொட்டி வாங்குகிறார் என்றும், வருஷக் கடைசியில் அவற்றில் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். காரணம் என்ன? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! குதிரை வாங்கப் பொன் இருந்தது. குதிரையைக் காப்பாற்றக் குதிரைக்காரர் இல்லை. 'கபல்லாரியுஸ்' என்ற மூல வார்த்தையின் அருமையை அந்த வெனிஸ்காரர் நம் மண்ணில் உணர்ந்திருப்பார்.

பழநி மலையின் பேகன்

கோடைக்கானல் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து லீலாவதி ஆன ஆஸ்திரேலிய மாது 1936-ல் எழுப்பிய கோயில் அது. மேகம் விலகினால் அங்கிருந்து கீழே பழநி தெரியும். என் தங்கை மகளுக்கு அப்போதும் முகத்தில் மேகம் விலகவில்லை. அங்கே உட்கார்ந்துதான் அவளுக்குப் பேகன் கதையைச் சொன்னேன்.

கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன். சங்க காலத்தில் பொதினி என்று வழங்கிய இந்தப் பழநி மலைக்குத் தலைவன். குளிரில் நடுங்குகிறதே என்று மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் கதையின் மறுபாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

மயிலுக்கு இரங்கிய அந்த மகானுபாவன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் தங்கிவிட்டான். (சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு, இவள் வேறு.) அவள் தனியே இருந்து கண்ணீர் வடித்தாள். இது புலவர்கள் காதுக்கு எட்டியது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு பெரும் புலவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேகன் வாசலுக்கு வந்தார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அந்தப் பாட்டுக்கள் இருக்கின்றன.

அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம். எங்களுக்குப் பரிசில் தர விரும்பினால், உன் குதிரைகளைத் தேரில் பூட்டி அவள் வீட்டுக்குப் போ என்றார்கள்! அவர்கள் ஒன்றும் சம்பத்து மிகுந்தவர்கள் அல்ல. பரிசில் கிடைத்தால்தான் அடுப்பில் உலை ஏறும். அப்படிப்பட்டவர்கள் முகமறியாத ஒரு பெண்ணின் கண்ணீருக்காகப் பரிசிலை வேண்டாம் என்றார்கள்.

"இப்போது சொல்லு. இந்தக் கதையில் கவலியேரே யார்?" என்று கேட்டேன்.

"குதிரை வைத்திருந்தவன் பேகன். ஆனால்..." என்று இழுத்தாள் பெண்.

"கால் நடையாக வந்த நாலு புலவர்களும்தான்" என்று நான் முடித்தேன்.

அவள் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "பெரியம்மா, நான் அந்தப் பதிலில் என்ன எழுதினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே?" என்றாள். பிறகு அவளே சொன்னாள். ஏதோ ஓர் ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மாள் ஒருத்தி கிரைண்டர் வாங்கியிருக்கிறாள். கல் விரிசலோடு வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் நாலு பக்கம் கைப்படக் கடிதம் எழுதியிருந்தாள். இவள் அதற்கு ஒரே வரியில், "உத்தரவாத விதி 7-ஐப் பார்க்கவும்" என்று பதில் போட்டிருக்கிறாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஏரிக்கரையில்

சாயங்காலம் குழந்தை குதிரைச் சவாரி வேண்டும் என்று அடம் பிடித்தது. ('சவாரி'யும் குதிரை ஏறி வந்த வார்த்தைதான். பாரசீகத்தில் 'சவார்' என்றால் குதிரைமேல் வருபவன்.) மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் அமைத்த ஏரி அது. அதைச் சுற்றிய சாலையில்தான் குதிரைகள் நிற்கின்றன.

கோடைக்கானலுக்கும் குதிரைக்கும் உள்ள சொந்தம் இன்று நேற்று வந்ததல்ல. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியபோது மலையேறச் சாலை கிடையாது. 1875-ல் ரெயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து மட்டக் குதிரையிலோ டோலியிலோதான் மேலே வரவேண்டும். 1910-களில் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை வந்த பிறகுதான் மோட்டார் ஏறியது. அந்தப் பழைய ஒற்றையடிப் பாதை கும்பக்கரைப் பக்கத்திலிருந்து இன்றும் ஏறுகிறது. அந்த வழியிலுள்ள வெள்ளகவி என்ற சிற்றூரில் ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்ற வழக்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சாலையே காணாத ஊர் அது. விளைந்த சரக்கு கீழே போனதும், அரிசியும் உப்பும் மேலே வந்ததும் குதிரை முதுகில்தான். பிரசவ வலி கண்ட பெண்ணை டோலியில் வைத்து மனிதர்கள் தோளில் சுமந்து வந்திருக்கிறார்கள். ரோமாபுரியின் 'கபல்லுஸ்' எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், பழநி மலையைக் காட்டுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த குதிரையின் பெயர் ராஜா. பெயர்தான் ராஜா, நெற்றியில் நரை கண்ட சாது. அதன் சொந்தக்காரருக்கும் அறுபது வயது இருக்கும். தலையில் கம்பளிக் குல்லாய், காலில் ரப்பர் செருப்பு. குழந்தையைத் தூக்கிச் சேணத்தில் உட்கார்த்தி, அங்கவடியின் வாரை இரண்டு துளை ஏற்றிக் கட்டி, பிஞ்சுக் கால் சரியாகப் பதிந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் என் தங்கை மகளும் பின்னாலேயே போனோம்.

ஒன்றைக் கவனித்தேன். சாலையில் கார்கள் எந்தப் பக்கம் வருகின்றனவோ, அந்தப் பக்கமாகவே அவர் நடந்தார். திரும்பி வரும்போது மறுபக்கம் மாறிக்கொண்டார். ஒரு திருப்பத்தில் சுற்றுலா பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. ராஜா காதை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. குழந்தை வீறிட்டாள். பெரியவர் குதிரைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தம்முடைய உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு கையால் குழந்தையின் இடுப்பை அணைத்து, மறு கையால் குதிரையின் கழுத்தைத் தட்டி, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றார். அது குழந்தைக்குச் சொன்னதா, குதிரைக்குச் சொன்னதா தெரியவில்லை. இரண்டும் அடங்கின.

"உங்க மேலே இடிச்சிருந்தா என்ன ஆகிறது ஐயா?" என்றாள் குழந்தையின் தாய், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வண்டி வர்ற பக்கம் நாமதானம்மா நிக்கணும்? மேலே உக்காந்திருக்கிறது குழந்தை. இது வாயில்லா ஜீவன்" என்றார். மேற்கொண்டு பேச அவருக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. பேசின வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு கை கொள்ளு எடுத்து ராஜாவுக்கு ஊட்டினார். பிறகு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார்.

இரவு ஜாகைக்குத் திரும்பியதும் என் தங்கை மகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, டெலிபோனில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். "அம்மா அவர்களுக்கு நமஸ்காரம். தங்கள் கடிதம் நாலு பக்கத்தையும் இன்றுதான் சரியாகப் படித்தேன்" என்று ஆரம்பித்திருந்தது. மேலதிகாரிக்கும் ஒரு கடிதம்: அந்த அம்மாளுக்குப் புதுக் கல் அனுப்ப உத்தரவு வேண்டும், விதி 7 இடம் கொடுக்காவிட்டால் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

"சம்பளத்தில் பிடித்துவிட்டால்?" என்றேன்.

"பிடிக்கட்டும் பெரியம்மா. அம்மா கேசரி கிளறினதற்கு ஏதாவது அர்த்தம் இருக்க வேண்டாமா?" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்களும் கோடைக்கானல் போவீர்கள். குழந்தையைக் குதிரைமேல் உட்காரவைத்துப் படம் எடுப்பீர்கள். எடுக்கும்போது, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாரே, அவரை ஓரத்தில் வெட்டிவிடாதீர்கள். அந்த வார்த்தை முதன்முதலில் அவருக்குத்தான் சொந்தம்.